ஏழு நாள் கெடுவும் எட்டு மாத உப்பும்

தம்பி அன்றைக்கு விடியும் முன்பே கரை திரும்பிவிட்டான். கதவைத் தட்டி எழுப்பி, துண்டில் சுற்றி வைத்திருந்த ஜி.பி.எஸ். செட்டை என் கையில் கொடுத்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. சார்ஜ் போடும் இடத்தில் பச்சையாகக் களிம்பு.

"ராத்திரி ஒரு மணிக்கு அணைஞ்சு போச்சுக்கா. அப்புறம் உசுரே வரல."

2025 மே மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்ட நேரம். பாக் நீரிணையில் கச்சான் வீசினால் படகைக் கிழக்கே தள்ளும். கிழக்கே என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1974-லும் 1976-லும் இந்திய, இலங்கை அரசுகள் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லைக் கோடு அங்கே இருக்கிறது. கடலில் அதற்கு அடையாளம் கிடையாது. செட்டின் திரையில் ஓடும் எண்தான் நாட்டுப்படகுக்காரனுக்கு எல்லை. அன்றிரவு ராமேஸ்வரம் டிவி கோபுரத்தின் விளக்கு தெரிந்ததால் திசை தெரிந்திருக்கிறது. 323 மீட்டர் உயரக் கோபுரம் அது, வெகு தூரத்துக்குத் தெரியும். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமா, அந்தப் பக்கம் போய்விட்டோமா என்பதைக் கோபுரம் சொல்லாது. அவசரமாக வலையை இழுத்துக்கொண்டு, அந்த விளக்கைக் குறிவைத்து வந்திருக்கிறார்கள். டீசல் காசுகூடத் தேறவில்லை. படகில் இருந்தது நான்கு பேர்.

அந்த செட்டை வாங்கிக் கொடுத்தவள் நான். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம், ஆதார் திருத்தம் என்று வருகிறவர்கள் அப்படியே, "அக்கா, இதையும் ஆன்லைனில் போட்டுக் குடுங்க" என்பார்கள். ஹெட்லைட், மிக்ஸி, மீன் வலை நரம்பு, பிள்ளைக்கு டேப்லெட் எல்லாம் என் போனிலிருந்து, என் பெயரில் போகும். 2024 செப்டம்பரில் தம்பிக்கு 21,400 ரூபாய்க்கு இந்த செட்டை எடுத்ததும் அப்படித்தான். விற்பனைப் பக்கத்தில் படகுப் படம் போட்டு, கடலில் பயன்படுத்தத் தகுந்தது, தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஐ.பி.67 என்ற எண்.

காலையில் கடை திறந்ததும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள், அது எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். ஓராண்டு வாரண்டி இருக்கிறதே என்றேன். படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய இரண்டாம் நாள் பதில்: தண்ணீராலும் உப்பாலும் வந்த சேதம், வாரண்டியில் வராது. வேண்டுமானால் சொந்தச் செலவில் மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரலாம். எங்கள் தீவிலிருந்து மதுரை 160 கிலோமீட்டருக்கு மேல்.

கடலுக்கென்று விற்ற பொருளில் கடல் பட்டுவிட்டதாம், அதனால் பொறுப்பில்லையாம். அந்தப் பதிலைப் பலமுறை படித்தேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

என் கடைக்கு வருகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர், ரிட்டர்ன் கெடு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றே நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தக் கெடு கடைக்காரர் தன் வசதிக்கு வைத்தது. வாங்கிய சட்டையின் நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் அதற்கு அந்தக் கெடு பொருந்தலாம். பொருளிலேயே குறை இருந்தால் கணக்கு வேறு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்கிறது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தையும் புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். காரணம் எழுந்த நாள் எது என்று வாதம் வரக்கூடும் என்பதால், வாங்கிய தேதியிலிருந்தே இரண்டு ஆண்டை எண்ணிக்கொள்ளுங்கள் என்பேன். தவிர, 2020-ல் வந்த மின்வணிக விதிகளும் இருக்கின்றன. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன.

குறை என்றால் என்ன என்பதையும் சட்டம் விளக்குகிறது. நான் தேடிப் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் அது. அரசு வைத்த தரத்திலிருந்து குறைந்தால் மட்டும்தான் குறை என்று அங்கே இல்லை. வியாபாரி எந்த வகையிலாவது சொன்ன தரத்திலிருந்து குறைந்தாலும் அது குறைதான். எந்த வகையிலாவது என்ற சொல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் எழுதியது, படத்தில் காட்டியது, பெட்டியில் அச்சடித்தது எல்லாமே அதில் அடங்கும்.

ஐ.பி.67 பற்றியும் தெரிந்துகொண்டேன். 6 என்பது தூசி புகாது என்பதற்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வராது என்பதற்கு. சோதிப்பது நல்ல தண்ணீரில். உப்புக்கு வேறு சோதனை இருக்கிறது, அந்த எண்ணில் அது சேராது. ஆகவே எண்ணை மட்டும் போட்டிருந்தால் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். எண்ணோடு கடலையும் சேர்த்து எழுதினார்களே, அங்கேதான் வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கரையில் பொருள் கெடும் விதமே வேறு. மூக்கையூர், ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எங்கே கேட்டாலும் இதையே சொல்வார்கள். புதுப் பொருள் முதல் மாதம் பளபளவென்று ஓடும். உப்புக்காற்று ரப்பர் இடுக்கில் மெல்ல இறங்கி, பகலில் காய்ந்து படிந்து, ராத்திரி ஈரத்தை இழுத்து, செம்பில் களிம்பு ஏற்றி, இரும்பைத் தின்னும். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்துத்தான் வெளியே தெரியும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற ரயில்வே எத்தனை தலைமுறை வண்ணம் அடித்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏழு நாளில் குறையைக் கண்டுபிடித்துச் சொல் என்று எங்களிடம் கேட்பதில் நியாயமே இல்லை.

சரி, செட்டுக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்க்கலாம் என்று தம்பி நின்றான். நான் விடவில்லை. ஒரு திருகைக் கழற்றிவிட்டால் போதும், வெளியாள் கை வைத்ததால்தான் கெட்டது என்று சொல்லிவிடுவார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறை என்றால் ஆணையமே பொருளுக்கு முத்திரை வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுப்பவர் முதலில் கட்ட வேண்டும். அது வரைக்கும் பொருள் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும். செட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, நீர் கோத்த கண்ணாடியைத் தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுத்து வைத்தேன்.

பெரிய கவலை வேறு. வாங்கிய அன்று விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் படகுப் படம் அப்படியே இருந்தது, வாசகங்கள் மட்டும் மாறியிருந்தன. தண்ணீர் புகாது என்ற இடத்தில் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று இருந்தது. அன்றைக்கு என்ன எழுதியிருந்தார்கள் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அம்மாதான் தீர்த்துவைத்தாள். வலை பின்னும் ஊசியும் நரம்பும் போட்டு வைக்க, செட் வந்த அட்டைப்பெட்டியை அவள் எடுத்து வைத்திருந்தாள். பரணிலிருந்து இறக்கி, ஊசிகளைக் கொட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். படகுப் படத்துக்குக் கீழே, கடல் பயன்பாட்டுக்கானது, தண்ணீர் புகாதது என்று அச்சில் இருந்தது. விற்பனைப் பக்கத்தை மாற்றலாம். எங்கள் பரணில் இருந்த பெட்டியை யாரும் மாற்ற முடியாதே.

முதலில் செட்டை வாங்கிய இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். பொருளை விற்பது நாங்கள் இல்லை, நாங்கள் இடம் மட்டும் கொடுக்கிறோம் என்று தளங்கள் சொல்வது வழக்கம். அப்படிப்பட்ட தளத்துக்கும் கடமைகள் உண்டு. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண்ணைக் காட்ட வேண்டும். குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புதல் ஒரே நாளில் வந்தது. பன்னிரண்டாம் நாள் என் புகாரை முடித்துவைத்தார்கள், விற்பவரின் பதிலோடு. அந்தப் பதிலில் புதிதாக ஒன்று இருந்தது. பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோரே அல்ல. மேலும் பில் உங்கள் பெயரில், பயன்படுத்தியவர் வேறொருவர்.

இந்த இரண்டையும் படித்துவிட்டுத் தம்பி, "விட்டுரலாம்க்கா, வேற செட்டு பாத்துக்குவோம்" என்றான். அவன் குரலில் இருந்த களைப்பு எனக்குத் தாங்கவில்லை. மீனவனுக்கு அரசுக் காகிதங்களோடு இருக்கும் பழக்கமெல்லாம் பெரும்பாலும் தோற்ற பழக்கம்தான். ஒரு மின்னஞ்சல் வந்தாலே ஒதுங்கிவிடுவார்கள் என்பது அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு வாதமும் சட்டத்தின் முன் நிற்காது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அதே பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது. ஒற்றை நாட்டுப்படகை வைத்துக்கொண்டு, தானே கடலுக்குப் போய், பங்குக்கு மூன்று பேரைக் கூட்டிப்போகிறவனுக்கு அது பிழைப்பு இல்லாமல் வேறென்ன? தையல் மெஷின் வாங்குகிற பெண்ணுக்கும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கும், பாசி எடுக்கப் போகும் சின்னப்பாலத்துப் பெண்கள் வாங்கும் நீர்க்கண்ணாடிக்கும் இதே விளக்கம்தான். ஐந்து விசைப்படகு வைத்து ஆள்போட்டுத் தொழில் செய்கிறவர் இதே வாதத்தை வைத்தால் நிற்குமா என்பது வேறு கேள்வி. பெயர் விஷயமும் அப்படியே. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அக்கா பெயரில் பில், தம்பி கையில் செட். இருவருக்குமே கேட்க உரிமை உண்டு.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசிப்பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. எங்களுக்குத் தீரவில்லை. அடுத்த முறை வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்ள 3,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஜூலையில் விற்பவருக்கும் தளத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் அட்டையோடு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். வக்கீல் வைக்கவில்லை. என்ன வாங்கினோம், என்ன சொன்னார்கள், என்ன ஆனது, என்ன கேட்கிறோம், எத்தனை நாளில். ஒரே பக்கம். பதினைந்து நாள் கொடுத்தேன். ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெரிய மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ காரணம் எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். எங்கேயோ வடக்கில் குடோன் வைத்து விற்கிறவன் மேல் தங்கச்சிமடத்துக்காரி வழக்குப் போடுவது என்றால், எந்த ஊரில் போடுவது என்பதிலேயே பாதி உயிர் போய்விடும். புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ போடலாம். எங்களுக்கு அது ராமநாதபுரம் மாவட்ட ஆணையம். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆன்லைன் வணிகத்தில் வாங்குகிறவர் கையில் கிடைத்த மிகப் பெரிய கருவி இதுதான் என்று நினைக்கிறேன். விற்கிறவர் நம் வாசல்வரை வந்து விற்கும்போது, பதில் சொல்லவும் நம் ஊருக்கு வரட்டும்.

பஸ்கூடத் தேவைப்படவில்லை. 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் நடக்கிறது, அதில் புகாரைப் பதியலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. விசாரணையில் நாமே பேசலாம், வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. பில், பணம் போன விவரம், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், கஸ்டமர் கேர் பதில்கள், 1915 புகார் எண், தபால் ஒப்புதல் எல்லாவற்றையும் சேர்த்தேன். விலையையும், அன்றிரவு வீணான டீசலையும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையையும் கேட்டேன். மன உளைச்சல் என்று தட்டும்போது, செட் அணைந்த பிறகு அந்த நான்கு பேரும் இருட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்ததுதான் கண்ணில் நின்றது. கேட்ட தொகை சிறியது. கேட்காமல் இருக்க மனம் வரவில்லை.

ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டலாம். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. அந்தக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது. எட்டு மாதமாகத் தண்ணீர்ச் சேதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், முழு விலையையும் அதற்கு மேல் 5,000 ரூபாயும் தருகிறோம், சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு முழுவதும் நடத்திப் பார்க்க ஆசை. தம்பி இரவல் செட்டோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் பிழைப்பு, அவன் முடிவு. ஒப்புக்கொண்டோம். வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கி, பணம் வங்கிக் கணக்கில் ஏறியபிறகுதான் புகாரைத் திரும்பப் பெற்றேன்.

இதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் பழைய கணக்குகளைக் கொண்டுவருகிறார்கள். அதிகம் வருவது ஃபிரிட்ஜ். பத்து ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கம்ப்ரசருக்கு மட்டும். உப்புக்காற்றில் முதலில் ஓட்டை விழுவது காயிலில். கேஸ் இறங்கிவிடும், கம்ப்ரசர் நன்றாகவே இருக்கும், வாரண்டி பயன்படாது. வாங்கும் முன் காயிலுக்கு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். வாங்குகிற அன்றே விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். என் கடையில் ஆர்டர் போடுகிற எல்லோருக்கும் இப்போது அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து பில்லோடு கையில் கொடுத்துவிடுகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. பெட்டியையும் இரண்டு ஆண்டாவது தூக்கிப் போடாதீர்கள். பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போனில் பேசினால்கூட, இன்ன தேதியில் இன்னது சொன்னீர்கள் என்று உடனே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

எங்கள் பணம் வந்துவிட்டது. அந்த விற்பனைப் பக்கத்தில் படகு மட்டும் இன்னும் மிதக்கிறது. சட்டத்தின் 17-ம் பிரிவு, பலரைப் பாதிக்கும் தவறான விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது. அந்த ஆணையம் முதல் தடவைக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். ராமநாதபுரம் ஆட்சியருக்கு எழுதிய மனு மேசை மேல் இருக்கிறது. பெட்டியின் படங்களை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுப்பதாக இருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். இங்கே பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தவர், நாட்டுப்படகுக்காரர். போனை நீட்டி, "தங்கச்சி, இந்த செட்டைப் போட்டுக் குடும்மா" என்றார். திரையில் அதே படகு. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அம்மாவிடம் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.